போன தண்ணீர் திரும்பி வராமலிருக்க: வீட்டுக்கும் கடைக்கும் ஒரு முழு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே ஒரு மேட்டு விளையில் என் அத்தை வீடு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே கிணற்று மோட்டார் பைப்பையும் பஞ்சாயத்துக் குடிநீர் பைப்பையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்துக் கொடுத்தவன் நான்தான். இரண்டும் ஒரே பைப் வழியாக மாடித் தொட்டிக்கு ஏறும். பைப்பும் மிச்சம், கூலியும் மிச்சம். பஞ்சாயத்துப் பக்கம் ஒரு என்.ஆர்.வி. வைத்தேன். அது ஒருவழிக் கதவு. தண்ணீரை உள்ளே விடும், திரும்ப விடாது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து, கீழே பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்காரர் அத்தையிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்: "இப்பம் லைன் விடாத அன்னைக்கும் நமக்கு வெள்ளம் வருது, கேட்டியளா!"

எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். அத்தை இதை என்னிடம் ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. போய் என்.ஆர்.வி.யைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே தகடு மூடுகிற இடத்தில் ஒரு துணுக்கு வெள்ளை டெஃப்லான் டேப். பைப் மரையில் கசியாமலிருக்க நான் சுற்றியது. அந்தத் துணுக்கு கதவைப் பாதி திறந்தே வைத்திருக்க, அத்தை மோட்டார் போடும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீர் மாடிக்கும் ஏறியது, பஞ்சாயத்து லைன் வழியாகப் பள்ளத்துக்கும் இறங்கியது. யாருக்கும் வயிற்றுப்போக்கு வராதது என் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து நான் வேலையில் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான்: முதலில் காற்று இடைவெளி, வால்வு அப்புறம். வால்வு தேயும், துருப்பிடிக்கும், அழுக்கு மாட்டிக்கொள்ளும். குழாயின் வாய்க்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே விடுகிற மூன்று விரல் அகல வெறும் காற்றுக்கு இதெல்லாம் கிடையாது. கீழே சொல்லப்போகிற எல்லாப் படிகளும் இதிலிருந்து வந்தவைதான்.

தண்ணீர் ஏன் திரும்புகிறது

தண்ணீர் அழுத்தம் குறைந்த பக்கம் போகும். நாம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நினைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. அது திரும்புவதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று உறிஞ்சல். மெயின் பைப்பில் அழுத்தம் இறங்கிவிட்டால், மேட்டில் நிற்கிற தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். ஓடும்போது பின்னால் இருப்பதையும் இழுக்கும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். இழுக்கும்போதும் அதே கணக்குதான். காற்றழுத்தம் அனுமதிக்கிற எல்லை 10.3 மீட்டர். அதாவது மூன்று மாடி உயரத்துக்கு ஒரு குழாய் தாராளமாக உறிஞ்சும்.

இன்னொன்று எதிரழுத்தம். நம் பக்கத்தில் மோட்டார், கொதிகலன், உயரமான தொட்டி ஏதாவது இருந்து, அதன் அழுத்தம் மெயினைவிட அதிகமானால் தண்ணீர் தள்ளிக்கொண்டு வெளியே போகும். அத்தை வீட்டில் நடந்தது இது.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் உறிஞ்சல் அதிகம் நடக்க நிலமே காரணம். ஒரு வீடு மேட்டில், அடுத்த வீடு பத்தடி கீழே. லைன் எந்நேரமும் வருவதில்லை. முறை வைத்து விடுவார்கள். வால்வை மூடியதும் பள்ளத்து வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், மேட்டு வீட்டுக் குழாய் காற்றை இழுக்கும். லைன் வரும்போது குழாய் முதலில் புஸ்ஸென்று காற்றை விடுகிறதே, அந்தக் காற்று எங்கேயோ வழியாக உள்ளே போனதுதான். காற்று போன வழியில், அங்கே சாக்கடை தேங்கியிருந்தால் அதுவும் போகும்.

இதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. எங்கள் பக்கம் அநேகமாக வீட்டுக்கொரு கிணறு. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் கிராமத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் இணைப்பு வரத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் கிணறு இருந்த வீட்டுக்குள் இரண்டாவது பைப் நுழைந்ததும், இரண்டையும் ஒட்டவைக்க ஆசை வந்துவிட்டது. எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் வேலைக்குப் போனாலும் இதே கதை. அங்கே வாட்டர் அத்தாரிட்டி லைன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வெளிநாட்டுச் சம்பவங்கள். அங்கே நடந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஓட்டல்களில் கழிவுநீரும் குடிநீரும் குழாய்க் கோளாறால் கலந்து அமீபாச் சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள். 2007இல் ஃபின்லாந்தின் நோக்கியா நகரத்தில், சுத்திகரித்த கழிவுநீர்க் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே இருந்த ஒரு வால்வு திறந்துகிடந்ததால் ஆயிரக்கணக்கானோருக்கு வாந்தி பேதி.

ஆனால் எனக்கு மறக்காதது 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்தது. ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பெரும்பாலோருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. இரண்டு ஆட்டத்தோடு அந்த வருடப் போட்டிகளையே ரத்து செய்தார்கள். மைதானத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய்களின் வாய் தரைக் குழிக்குள் இருந்தது. காமாலை இருந்த குழந்தைகள் அங்கே விளையாடியிருக்கிறார்கள். பக்கத்தில் எங்கோ தீப்பிடித்து, தீயணைப்புக்காரர்கள் தண்ணீரை இழுத்தபோது லைனில் அழுத்தம் விழுந்து, குழித் தண்ணீர் உள்ளே போய், ஆட்டக்காரர்கள் குடித்த குழாயில் வந்தது. குழிக்குள் மூழ்கிய குழாய் வாய், திடீரென்று விழுந்த அழுத்தம். எங்கள் ஊரில் முதலாவது வீடுதோறும் இருக்கிறது, இரண்டாவது தினமும் நடக்கிறது.

முதல் படி: ஒரு தாளும் பென்சிலும்

கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் நுழைகிற எல்லா வழியையும் தாளில் வரையுங்கள்: பஞ்சாயத்து லைன், கிணறு, போர்வெல், லாரித் தண்ணீர் ஊற்றும் வாய், மழைநீர்த் தொட்டி. ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேருகிறது என்று கோடு போடுங்கள். இரண்டு கோடுகள் தொட்டிக்கு வெளியே எங்காவது சந்தித்தால் அந்த இடத்தில் சிவப்பில் வட்டமிடுங்கள்.

அடுத்து, குழாய் வாய் அல்லது ஓஸ் (வளையும் ரப்பர், பிளாஸ்டிக் குழாய்) தண்ணீருக்குள் முங்கக்கூடிய இடங்களைத் தேடுங்கள். துவைக்கிற தொட்டி, மாட்டுத் தொட்டி, மீன் தொட்டி, மருந்து கலக்குகிற டிரம். சமையலறைக் குழாய் வாயில் தெறிக்காமலிருக்க ஒரு முழம் ஓஸ் மாட்டியிருப்போமே, அதுவும்தான். பாத்திரம் ஊறப்போட்ட தொட்டிக்குள் அது முங்கிக் கிடக்கும்.

அரை மணி நேரம் ஆகும். பழைய வீடென்றால் முழு நாள்கூட ஆகலாம், ஏனென்றால் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று அதைப் பதித்தவருக்கும் ஞாபகம் இருக்காது. அப்போது செய்ய வேண்டியது: பஞ்சாயத்து வால்வை மூடிவிட்டு, மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு யூனியனை (கழற்றி மாட்டுகிற இணைப்பு) கழற்றிவிட்டு, கிணற்று மோட்டாரைப் போடுங்கள். கழற்றிய இடத்தில் தண்ணீர் வந்தால் இரண்டும் எங்கோ இணைந்திருக்கின்றன. மீட்டர் முள் பின்பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்தவர்களும் உண்டு. மாதக் கட்டணம் குறைகிறதே என்று ஒருவர் என்னிடம் சிரித்தார்.

இரண்டாம் படி: லைனையும் கிணற்றையும் வெட்டிப் பிரியுங்கள்

டீயை வெட்டி எறியுங்கள். நடுவில் கேட் வால்வு இருக்கிறது, கிணறு ஓடும்போது மூடிக்கொள்வோம் என்பார்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் விருந்தாளி மோட்டாரைப் போடுவார்.

சரியான முறை இது. பஞ்சாயத்து லைனுக்குத் தனிப் பைப், கிணற்றுக்குத் தனிப் பைப். இரண்டும் தனித்தனியாகத் தொட்டியின் உச்சியில் வந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே நின்று, காற்றில் விழ வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் தனியாக ஒரு 200 அல்லது 300 லிட்டர் தொட்டி வைத்து, அதற்குப் பஞ்சாயத்து லைன் மட்டும் கொடுத்தால் இன்னும் நல்லது. லைன் தண்ணீர் குளோரின் போட்டு வருகிறது. அதைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்தால் இருக்கிற குளோரினும் செத்துவிடும்.

இடைவெளி எவ்வளவு? குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு, எப்படிப் பார்த்தாலும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுவரையோ தொட்டிப் பக்கவாட்டையோ ஒட்டி விழுந்தால் மூன்று மடங்கு. நான் அளவுகோல் எடுப்பதில்லை. வீட்டுப் பைப்புக்கு மூன்று விரலைக் கிடையாக வைத்துப் பார்ப்பேன், அது நுழைந்தால் போதும். அளக்க வேண்டியது, தொட்டி நிரம்பி வழிகிற மட்டத்திலிருந்து குழாயின் வாய் வரை. பாதி தொட்டியில் அளந்துவிட்டு நிறைய இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. வழியும் பைப் உள்ளே வரும் பைப்பைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மட்டம் ஏறி இடைவெளியை விழுங்கிவிடும்.

இங்கே எங்கள் ஆட்களே செய்கிற ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ராத்திரி தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், உள்ளே ஒரு எல்போ போட்டுப் பைப்பைத் தொட்டியின் அடிவரை இறக்கிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். இடைவெளியும் போய்விடும். லைன் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே பைப் வழியாகச் சத்தமே இல்லாமல் திரும்பி இறங்கும். சத்தம்தான் பிரச்சினையென்றால், பைப்பின் வாயைத் தொட்டிச் சுவர் பக்கம் சாய்த்து, சுவரில் வழிந்து இறங்க விடுங்கள். அப்படிச் செய்யும்போது வாய் மட்டத்துக்கு மேலே மூன்று மடங்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பஞ்சாயத்து லைனில் நேராக மோட்டார் வைத்து இழுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது தெரு முழுவதற்கும் செய்கிற கெடுதல். மோட்டார் மெயினில் உறிஞ்சலை உண்டாக்கும். மண்ணுக்கடியில் ஒழுகுகிற ஒவ்வொரு ஜாயிண்டும் அப்போது ஸ்ட்ரா மாதிரி ஓடைத் தண்ணீரைக் குடிக்கும். உள்ளாட்சிகள் இதற்காக மோட்டாரைப் பறிமுதல் செய்வதில் நியாயம் இருக்கிறது. அழுத்தம் போதவில்லையென்றால் லைனைத் தரைத்தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.

மூன்றாம் படி: தரைத்தொட்டி

மிதவை வால்வு எந்த உயரத்தில் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பாருங்கள். வழியும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மூடியின் விளிம்பு தரையைவிட ஒரு சாணாவது உயர்ந்திருக்கட்டும். ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் முற்றத்துத் தண்ணீர் உள்ளே இறங்கினால் மற்ற எதையும் பார்த்துப் பயனில்லை. வழியும் பைப்பைச் சாக்கடையோடு ஒட்டிவிடக் கூடாது. ஓடைக்கு மேலே ஒரு சாண் தள்ளி நிறுத்தி, வாயில் வலை கட்டுங்கள். ஒட்டிவிட்டால் ஓடை நிரம்புகிற அன்று அதே பைப் வழியாக அது வீட்டுக்குள் வரும்.

நான்காம் படி: ஓஸ்

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, எல்லாவற்றையும்விட எளிதாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான்.

வாழைக்கு மருந்து அடிக்கிறவர்கள் டிரம்மில் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டு ஓஸை உள்ளே போட்டு நிரப்புவார்கள். ரப்பர் பால் உறைய வைக்கிற இடத்தில் ஃபார்மிக் அமிலம் கலக்கிற தொட்டியிலும் இதையே பார்த்திருக்கிறேன். குலசேகரம், அருமனைப் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர் ஷீட் அடிக்கிறார்கள். வீட்டுக் குழாயிலிருந்துதான் ஓஸ் போகும். அந்த நேரம் மேல்தொட்டி காலியாகி, வீட்டுக்குள் யாராவது தாழ்ந்த குழாயைத் திறந்தால், டிரம்மில் இருப்பது அடுக்களைக்கு வரும். மருந்து கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகாது. கொதிப்பது கிருமிக்குத்தான், ரசாயனம் கொதித்தால் கெட்டிப்படும்.

தீர்வு: ஓஸின் நுனியை டிரம்மின் விளிம்புக்கு மேலே ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அல்லது முதலில் தண்ணீரைப் பிடித்துவிட்டு, ஓஸை எடுத்த பிறகு மருந்தை ஊற்றுங்கள். காசே ஆகாது. தோட்டக் குழாயில் மாட்டுகிற வேக்குவம் பிரேக்கர் என்று ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. உறிஞ்சல் வந்தால் அது காற்றை உள்ளே விட்டு ஓட்டத்தை அறுத்துவிடும். நல்ல சாமான்தான், ஆனால் எதிரழுத்தத்துக்கு உதவாது. மார்த்தாண்டத்துக் கடைகளில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். சொல்லி வரவழைக்க வேண்டும்.

கழிவறையில் தொங்குகிற ஹெல்த் ஃபாசெட்டும் ஓஸ்தான். புதிதாக இருக்கும்வரை அதன் வாய் மூடியே இருக்கும், பயமில்லை. இரண்டு வருடத்தில் விசை தளர்ந்து ஒழுகத் தொடங்கும். அப்போது அது வாளிக்குள்ளோ தரையிலோ கிடந்தால் உறிஞ்சும். கொக்கியைக் கோப்பை விளிம்பைவிட நன்றாக மேலே அடியுங்கள், உபயோகித்ததும் ஆங்கிள் காக் என்கிற சின்னச் சுவர் வால்வை மூடுங்கள், ஒழுகுகிற தலையை அன்றைக்கே மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: மாடியில் நிற்கிற அந்த மொட்டைப் பைப்

மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற பைப்பில், கேட் வால்வுக்கு அடுத்து ஒரு டீ போட்டு, தொட்டியின் தலைக்கு மேலே வரை ஒரு பைப்பை நிறுத்தி வாயைத் திறந்தே விடுவார்கள். காற்றடைப்பு வராமலிருக்க என்று சொல்லுவோம். அதன் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. தொட்டி காலியானாலும், சுத்தம் செய்ய வால்வை மூடினாலும், அந்தப் பைப் வழியாகக் காற்று இறங்கும். கீழே முங்கிக் கிடக்கிற ஓஸிலிருந்து தண்ணீரை இழுக்க விடாது. வீட்டுக்குள் நடக்கும் உறிஞ்சலுக்கு இவ்வளவு மலிவான காவல் வேறில்லை. உங்கள் மாடியில் அது இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். இருந்தால், காக்கா குச்சி வைத்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், வாயில் கொசுவலை கட்டுங்கள். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் இந்தப் பைப் பம்புக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் மாடியில் நீரூற்றுதான்.

ஆறாம் படி: சுடுதண்ணீர்

"மக்களே, பச்சைத்தண்ணி பைப்பத் திறந்தா சுடுவெள்ளம் வருது" என்று ஒரு வயதான அம்மா என்னைக் கூப்பிட்டார். வெயிலில் பைப் சூடாகியிருக்கும் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கும் வந்ததால் அவர் நம்பவில்லை. அவர்தான் சரி.

குளியலறை மிக்ஸரில் சூடும் குளிரும் திறந்திருந்து, கை ஷவரின் நுனியை மட்டும் மூடினால், இரண்டு பைப்பும் மிக்ஸருக்குள் கை கோத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அது மற்றதற்குள் போகும். கண்டுபிடிக்க, ஒவ்வொரு மிக்ஸருக்கும் அடியில் இருக்கிற இரண்டு ஆங்கிள் காக்கையும் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அங்கே கோளாறு. கை ஷவரை நுனியில் மூடாமல் மிக்ஸரிலேயே மூடுகிற பழக்கம் போதும், பெரும்பாலும் தீர்ந்துவிடும். விடாமல் வந்தால் சூடு, குளிர் இரண்டு பக்கமும் என்.ஆர்.வி. போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கீசருக்குள் போகிற குளிர்ந்த பைப்பில் என்.ஆர்.வி. போட்டால், சூடாகி விரிகிற தண்ணீருக்குப் பின்வாங்க இடமில்லை. அழுத்தம் ஏறும். கீசரின் சேஃப்டி வால்வு அப்போது சொட்டு விடும்; அது அதன் வேலை. சொட்டுகிறது என்று அதை அடைத்துவிட்டால் கீசர் வெடிகுண்டுதான்.

வால்வு வாங்குவதென்றால்

இடைவெளி வைக்க வழியே இல்லாத இடத்துக்குத்தான் வால்வு. சாதா ஸ்விங் வகையில் தகடு தன் கனத்தால் மூடும். கிடையாகவோ, தண்ணீர் மேல்நோக்கிப் போகும் நிலையிலோதான் வைக்க வேண்டும். ஸ்பிரிங் வகையை எப்படியும் வைக்கலாம். உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி ஓட்டத் திசையில் இருக்கட்டும். முன்னால் ஒரு சல்லடை, இரு பக்கமும் யூனியன். பைப்பை இணைத்ததும் ஒரு வாளித் தண்ணீரை வெளியே விட்டுக் குப்பையைக் கழுவிவிட்டு, அப்புறம் வால்வை மாட்டுங்கள். என் டெஃப்லான் துணுக்கு சொல்லிக்கொடுத்த பாடம் இது.

நான் இப்போது வால்வுக்கு முன்பக்கம் ஒரு சின்ன சோதனைக் குழாயும் அதற்கு முன்னால் ஒரு கேட் வால்வும் வைக்காமல் போவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை கேட் வால்வை மூடி, சோதனைக் குழாயைத் திறந்தால், பைப்பில் இருந்தது வடிந்து நின்றுவிட வேண்டும். சொட்டிக்கொண்டே இருந்தால் என்.ஆர்.வி. கசிகிறது.

கடையும் ஆலையும்

வீட்டில் தப்பு நடந்தால் நாலு பேர். ஓட்டலில் நடந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அத்தனை பேரும். குடிக்கத்தக்க தண்ணீரையே பயன்படுத்த வேண்டும் என்பது உணவுக்கடை உரிம நிபந்தனை. பாத்திரம் கழுவும் இடத்து ஸ்ப்ரே ஓஸ், தொட்டி விளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது. ஆர்.ஓ. கருவியின் கழிவுப் பைப்பைச் சாக்கடைக் குழிக்குள் திணித்து வைக்கக் கூடாது. அதற்கும் மூன்று விரல். சலூனில் தலை கழுவும் ஷவர், பல் மருத்துவமனை நாற்காலி, சர்வீஸ் ஸ்டேஷனில் சோப்பு இழுக்கிற பிரஷர் வாஷர், மீன் கடைத் தொட்டி எல்லாம் இந்த ரகம்.

சோடா, கூல்டிரிங் இயந்திரம் வைத்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தோடு இருக்கிறது. காஸ் ஏறிய தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. அது பின்வாங்கிச் செம்புப் பைப்புக்குள் போனால் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும், குடித்தால் குமட்டும், வாந்தி வரும். அந்த இயந்திரத்துக்கு முன்னால் செம்புப் பைப் வேண்டாம்.

அண்டி ஆபீஸ் என்று எங்கள் ஊரில் சொல்கிற முந்திரி ஆலைகளில் கொட்டையை ஆவியில் வேகவைக்கிற கொதிகலன் இருக்கும். கொதிகலன் தண்ணீரில் ரசாயனம் கலந்திருப்பார்கள், அழுத்தமும் அதிகம். இப்படிப்பட்ட இடத்துக்கு வெளிநாடுகளில் ஆர்.பி.இசட். என்ற வால்வை வைக்கிறார்கள்: இரண்டு ஒருவழிக் கதவு, நடுவே ஒரு வெளியேற்றும் வால்வு, கதவு கசிந்தால் தண்ணீர் பின்னால் போகாமல் தரையில் கொட்டும். அதைத் தண்ணீர் தேங்குகிற குழிக்குள் வைக்க முடியாது, வருடா வருடம் பயிற்சி பெற்றவர் சோதிக்கவும் வேண்டும். இதையெல்லாம் நம்பிப் பணம் போடுவதைவிட, நான் சொல்வது ஒரு இடைத்தொட்டி. 200 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, குடிநீர் பைப் அதற்குள் மூன்று விரல் மேலிருந்து விழட்டும். கொதிகலனுக்கும் கார் கழுவுவதற்கும் மருந்து கலப்பதற்கும் அந்தத் தொட்டியிலிருந்து தனி மோட்டாரில் எடுங்கள். ஆலைப் பக்கம் என்ன நடந்தாலும் தொட்டியைத் தாண்டி ஒரு சொட்டும் திரும்பாது. அங்கிருந்து போகும் பைப்புக்கு வேறு நிறம் அடித்து, குடிக்கக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவையுங்கள்; இந்தி பேசும் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும்.

கலந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்

அறிகுறிகள்: நிறம், சோப்பு நுரை, இலைத்துணுக்கு, திடீர் வாடை, லைன் விடாத நாளில் லைன் குழாயில் தண்ணீர். உடனே உள்ளே வரும் வால்வை மூடுங்கள். பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள், பஞ்சாயத்துக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை.

மருந்தோ அமிலமோ கலந்திருந்தால் காய்ச்சிக் குடிக்க நினைக்காதீர்கள். தொட்டி, பைப் எல்லாவற்றையும் வடித்து, பலமுறை கழுவி, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் குடிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு.

சாக்கடையோ கிணற்றுத் தண்ணீரோ கலந்திருந்தால், முதலில் அது கலந்த வழியை அடையுங்கள். பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். ஆர்.ஓ. கருவியின் பைப்பை முன்பே மூடிவிட வேண்டும், குளோரின் அதன் சவ்வைத் தின்றுவிடும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். அதுவரை யாரும் குடிக்கக் கூடாது. பவுடரைக் கழிவறை கழுவும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

அப்புறம் சோதனை. லைன் குழாயில் மஞ்சள் நிறம் காட்டுகிற குளோரின் சொட்டுப் பரிசோதனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். கருப்பாக மாறுகிற குப்பிப் பரிசோதனை ஒன்றிரண்டு நாளில் கிருமி இருக்கிறதா என்று சொல்லிவிடும். உறுதியாகத் தெரிய ஆய்வகம்தான்; இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

அத்தை வீட்டில் டீயை வெட்டிப் பைப்பைப் பிரித்த அன்று, பள்ளத்து வீட்டுக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன்: இவ்வளவு நாளும் நீங்கள் குடித்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர், தொட்டியைக் கழுவிவிடுங்கள், பவுடரும் நானே கொண்டுவந்திருக்கிறேன் என்று. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்ட கேள்வி இது: "அப்பம் இனி லைன் விடாத அன்னைக்கு வெள்ளம் வராது, அப்படித்தானே?"